நான்கு வருடம் பத்து மாதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை நெடுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லையாம். 2023இல் 0.72, 2024இல் 0.75. இலங்கையிலும் வருடாவருடம் பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது. இந்த இரண்டு நாட்டில் எது முதலில் கவிழும்? அரசாங்கம் காசு கொடுத்தால் சனம் பிள்ளை பெறுமா? பெண்கள் படித்து வேலைக்குப் போனதுதான் காரணம் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். தமிழன் என்ற முறையில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. யாழ்ப்பாண மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 2010இல் ஒன்பது ஆசனம் இருந்தது, 2024இல் ஆறுதான். நாங்கள் பிள்ளை பெறாவிட்டால் இன்னும் குறையாதா? உங்கள் அபிப்பிராயம் அறிய ஆவல்.

(எனக்கு 34 வயது. கலியாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. பஞ்சிகாவத்தையில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். கொரிய மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.)

ஆர்., மட்டக்குளி

அன்புள்ள தம்பி,

சொல்ல வேண்டியதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, வெளியே ஊர் உலகத்துக் கவலையை எழுதியிருக்கிறீர்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த கிழமை நானும் இதே எண்களோடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் ஆசனக் கணக்கோடு வந்த கடிதத்துக்குப் பதில் போட்டிருக்க மாட்டேன்.

அந்த ஆசனத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம், அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஆசனம் வாக்காளர் இடாப்பை வைத்துப் பிரிக்கப்படுகிறது, தொட்டிலை வைத்தல்ல. இன்றைக்கு நீங்கள் ஒரு பிள்ளை பெற்றால் அது இடாப்பில் ஏறப் பதினெட்டு வருடம் வேண்டும். போன மூன்று ஆசனத்தையும் எந்தப் பெண்ணும் பெறாமல் விட்டதால் இழக்கவில்லை. அவை விமானம் ஏறிப் போயின. கனடாவின் ஸ்காபரோவில் தேடுங்கள், லண்டனின் ஹரோவில் தேடுங்கள், பாரிஸின் லாச்சப்பலில் தேடுங்கள், கிடைக்கும். என் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி. பெற்று, வளர்த்து, ஏற்றி அனுப்பிய வீடுகளில் என் வீடும் ஒன்று.

இன்னொன்று. எங்கள் எண்ணிக்கை, அவர்கள் எண்ணிக்கை என்று பேச்சைத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதை 2018 பெப்ரவரியில் அம்பாறையில் பார்த்தோம். முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சிங்களவருக்கு மலட்டு மாத்திரை கலந்து கொடுத்தார்கள் என்று ஒரு கதை. கடை உடைந்தது, பள்ளிவாசல் உடைந்தது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்துச் சொன்னார், அது மாவுக்கட்டி என்று. அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கதையின் வேரும் உங்கள் ஆசனக் கவலையின் வேரும் ஒரே மண்ணில்தான் இருக்கின்றன. நீங்கள் நல்ல பிள்ளை, கடிதத்தில் தெரிகிறது. இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

பெண்கள் படித்ததுதான் காரணம் என்று சொன்ன நண்பர்களுக்கு நாலு வரி போதும். இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். பெண்களின் சராசரிக் கலியாண வயது 1971லேயே இருபத்து மூன்றரை. 2000ஆம் ஆண்டு ஆய்வில், வடக்குக் கிழக்கு நீங்கலாக, ஒரு பெண்ணுக்கு 1.9 பிள்ளை. 2016 ஆய்வில் 2.2. இடையில் எங்கள் பெட்டைகள் படிப்பை விட்டுவிட்டா இருந்தார்கள்? முன்னையைவிடக் கூடப் படித்தார்கள், எண்ணும் ஏறியது. பிறகு அந்தப் படிப்பே எண்ணை இறக்கியது என்றால் எப்படி? உங்கள் நண்பர்கள் தங்கள் மனைவிமாரின் சம்பளம் இல்லாமல் இரண்டு மாதம் வீட்டு வாடகை கட்டிப் பார்க்கட்டும்.

சரி, இரண்டு நாடு. ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் ஒப்பிடுவோம். 2013இல் இலங்கையில் பிறந்த பிள்ளைகள் சுமார் 3,65,000. 2024இல் சுமார் 2,20,000. தென்கொரியாவில் 2024இல் பிறந்தவை சுமார் 2,38,000. அவர்கள் ஐந்து கோடிக்கு மேல், நாங்கள் இரண்டு கோடி பதினேழு லட்சம். அங்கே ஆயிரம் பேருக்கு ஐந்து பிள்ளைகூட இல்லை, இங்கே பத்து. 2020 முதல் அங்கே பிறப்பை இறப்பு மிஞ்சிவிட்டது, எங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. ஆகவே எது முதலில் கவிழும் என்ற கேள்விக்கு எண்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டன. ஆனால் அவர்கள் கையில் காசு இருக்கிறது, எங்களிடம் கடன் இருக்கிறது. இதை எல்லாப் பொருளியலாளரும் தொலைக்காட்சியில் சொல்லியாயிற்று, நானும் சொல்ல வேண்டியதில்லை.

காசு கொடுத்தால் நடக்குமா என்பதற்கும் கொரியாவே பதில். 1960இல் அங்கே ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளை. அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் இறங்கியது. மகளோ மகனோ பேதம் பாராமல் இரண்டே பெற்று நன்றாய் வளர்ப்போம் என்று சுவர்களில் எழுதினார்கள். எழுபதுகளில் கருத்தடை செய்துகொண்ட ஆண்களுக்கு அடுக்குமாடி வீடு வாங்க முன்னுரிமை கொடுத்தார்கள். அப்படியொரு கெட்டித்தனம். 1983இல் எண் இரண்டுக்கு வந்துவிட்டது, பிறகும் நிற்காமல் இறங்கியது. 2006 முதல் தலைகீழாகத் திரும்பி, பெறுங்கள் பெறுங்கள் என்று 280 லட்சம் கோடி வொன்னுக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள். பூயோங் என்ற கட்டட நிறுவனம் 2024இல், பிள்ளை பெறும் ஊழியருக்குப் பிள்ளைக்குப் பத்துக் கோடி வொன் என்று அறிவித்தது. அத்தனைக்கும் பிறகு 2024இல் கிடைத்தது 0.72இலிருந்து 0.75. அதுவும் கலியாணங்கள் கொஞ்சம் கூடியதால். அங்கே கலியாணம் கட்டாமல் பெறுபவர்கள் குறைவு, ஆகவே கலியாணம் குறைந்தால் பிள்ளையும் குறையும்.

இங்கேயும் அதுதான். 2022இல் சுமார் 1,71,000 கலியாணப் பதிவு, 2024இல் சுமார் 1,39,000. அந்த வருடங்களில் பால்மா ஆயிரம் ரூபாயைத் தாண்டியதும், கிளினிக்கில் திரிபோஷா சத்துமா இல்லையென்று கர்ப்பிணிகள் வெறுங்கையோடு திரும்பியதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் எண் குறைந்த விதம் கொரியாவைப் போலவும் இல்லை. கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போன மருத்துவமாதுக்களும், பள்ளிக்கூடமும், பிந்திய கலியாணமும் சேர்ந்து ஆறுதலாகச் செய்த வேலை அது. (ஆறுதலாக என்றால் எல்லா இடத்திலும் இல்லை. எண்பதுகளில் கருத்தடை செய்தால் ஐந்நூறு ரூபாய் என்றார்கள். தோட்டத்து லயங்களில் அந்த ஐந்நூறு ரூபாயின் கனம் வேறு. அது தனிக் கட்டுரை.)

இனித்தான் நான் பேச விரும்புவது.

தம்பி, நீங்கள் இரண்டு நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கிறீர்கள். அவை தனித்தனியாக நிற்கவில்லை. ஒன்றின் கை மற்றதன் சட்டைப் பைக்குள் இருக்கிறது. நீங்கள் எழுதப் போகிற பரீட்சை எதற்கு? கொரியாவில் முப்பது வருடத்துக்கு முன்னால் பிறக்காமல் போன பிள்ளை இன்றைக்கு ஒரு தொழிற்சாலையில் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்துக்கு நீங்கள் போகிறீர்கள். 2004இல், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கிற அந்த வேலை அனுமதித் திட்டம் தொடங்கியது. ஈ-9 என்ற விசா. மருதானையிலும் நுகேகொடையிலும் சுவருக்குச் சுவர் கொரிய மொழி வகுப்பு என்று ஒட்டியிருக்கிறார்களே, எல்லாம் அதற்குத்தான். 2024க்கு மட்டும் எல்லா நாடுகளிலிருந்தும் 1,65,000 பேரை எடுப்பதாகக் கொரியா சொன்னது.

அந்த விசாவின் விதியைப் படித்தீர்களா? மொழிப் புத்தகத்தோடு அதையும் படியுங்கள். முதலில் மூன்று வருடம். முதலாளி விரும்பினால் நீட்டலாம். நீட்டினாலும் மொத்தம் நான்கு வருடம் பத்து மாதம். ஏன் ஐந்து வருடம் இல்லை? ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் குடியுரிமை கேட்க வழி பிறக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்னால் கதவைச் சாத்துகிறார்கள். ஒழுங்காக வேலை செய்தவன் என்று முதலாளி சொன்னால், ஊருக்குப் போய்விட்டு வந்து இன்னொரு நான்கு வருடம் பத்து மாதம். இத்தனை காலமும் மனைவியைக் கூப்பிட முடியாது, பிள்ளையைக் கூப்பிட முடியாது.

இளைஞன் வேண்டும், அவனுக்குப் பிறக்கும் பிள்ளை வேண்டாம். பிள்ளையே இல்லையென்று அழுகிற நாடு போட்ட விதி இது. முதல் தடவை கேட்டபோது கதை என்றுதான் நினைத்தேன். எங்கள் மேல்வீட்டு அனெக்ஸில் இருந்த பிள்ளைதான் சொன்னாள்.

அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலதை மாற்றியிருக்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் மேல்வீட்டில் வாடகைக்கு வந்த புதுத் தம்பதி. அவள் காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதினாள். அவன் பரீட்சை பாஸாகி, கொரியாவில் அன்சான் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போனான். கலியாணமாகி ஒரு வருடம்கூட இல்லை. வீட்டுக்கடன், தங்கச்சியின் சீதனம், வழக்கமான காரணங்கள். கொரியா எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் முந்தி. இவள் கடை பூட்டி வந்து குளித்து, சோறு போட்டுக்கொண்டு போனை எடுக்கும்போது அங்கே நடுச்சாமம். அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவான். ஒருநாள் நானும் திரையில் தலையைக் காட்டினேன். "அன்ரி, ஃபக்டரியில கொரியாக்காரர் எல்லாம் எங்கட அப்பா வயசு. சுப்பவைசருக்கு அறுபத்தஞ்சு. இளசு எண்டா நாங்கள்தான். நேபாளம், கம்போடியா, வியட்நாம், நாங்கள்" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

நான்கு வருடம் பத்து மாதம் முடிந்து வந்தான். திரும்பிப் போக மூன்று மாத இடைவெளி, அப்போது விதி அப்படி. அந்த மூன்று மாதமும் என் தலைக்கு மேலே நடந்ததை நான் மறக்க மாட்டேன். முதல் கிழமையே வவுனியாவிலிருந்து மாமி வந்து இறங்கினா. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார், வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைப் பிள்ளையார், ஞாயிறு முன்னேஸ்வரம். மூன்று மாதத்துக்குள் வயிற்றில் ஒன்று தங்க வேண்டும். மாமிக்கு மாதக் கணக்கு, அவளுக்கு நாள் கணக்கு. கலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஐந்து வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் கண்ணாடித் திரையில் பார்த்த இரண்டு பேர், ஒரே அறையில் பழகுவதற்கே ஒரு மாதம் ஆகுமே, அதை யார் நினைத்தார்கள்? ஒரு பின்னேரம் தண்ணீர் மோட்டரைப் போட வந்தவள், படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அன்ரி, அவர் நல்லவர். ஆனா எனக்கு அவரோட கதைக்கவே நேரமில்லை, எல்லாரும் நாளை எண்ணினம்" என்றாள்.

தங்கவில்லை. அவன் போய்விட்டான். இரண்டாவது நான்கு வருடம் பத்து மாதம்.

வவுனியாவில் மாடி வீடு கட்டியாயிற்று. தங்கச்சிக்குக் கலியாணமாயிற்று. அவன் வந்துவிட்டான். அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு. கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கிழமைக்கு ஒரு தரம் ஊசிக்கு வருகிறார்கள். போகிற வழியில் என்னிடம் வந்து தேத்தண்ணி குடிப்பார்கள். அன்சானில் உழைத்த காசின் மிச்சம் அங்கே போகிறது. அவனிடம் ஒருநாள் கேட்டேன், அந்தத் தொழிற்சாலையில் என்ன செய்தீர்கள் என்று. பேபி பாத் டப் என்றான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது எண் பைத்தியம் பிடித்த ஒருவர் எழுந்து கேட்பார். கொரியாவுக்குப் போவது வருடத்துக்குச் சில ஆயிரம் பேர், இங்கே பிறப்பில் குறைந்திருப்பதோ ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், இந்தக் கணக்கு உதைக்கிறதே அம்மா என்று. உதைக்கட்டும். கொரியாவோடு கட்டாரையும் சவூதியையும் குவைத்தையும் ருமேனியாவையும் இஸ்ரேலையும் சேர்த்துக் கூட்டுங்கள். 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கென்று பதிவு செய்து நாட்டை விட்டுப் போனார்கள். பெரும்பாலும் என்ன வயது? பிள்ளை பெறுகிற வயது. கிழவிகளை யாரும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையில் நிறுத்தவில்லை. இது முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறப்பு குறைகிறது என்று கருத்தரங்கு வைக்கிறவர்கள், கணவன் ஒரு கண்டத்திலும் மனைவி ஒரு கண்டத்திலும் இருப்பதை ஒரு காரணமாக எழுதுவதே இல்லை. படிப்பு என்பார்கள், நாகரிகம் என்பார்கள், போன் என்பார்கள். ஒரே கட்டிலில் இரண்டு பேர் இருந்தால்தான் பிள்ளை வரும் என்பது அவர்களுக்கு மறந்துபோய்விட்டது.

இதில் எனக்குப் பொறுக்காத இடம் ஒன்று உண்டு. 2013இல் எங்கள் அரசாங்கம் ஒரு விதி போட்டது. வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகிற தாய்க்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கக் கூடாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். கிராம சேவகர் தொடங்கி எல்லாரும் அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். 2022இல் டொலர் இல்லாமல் போனதும் அதைத் தளர்த்தினார்கள். அதாவது பிள்ளையைப் பற்றிய அக்கறை டொலர் இருக்கும் வரைக்கும்தான். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு ஆணிடமாவது யாராவது கேட்டார்களா, தம்பி உனக்குப் புதுக் கலியாணம், மனைவியை விட்டுவிட்டு ஐந்து வருடம் போகிறாயே, உன் குடும்பப் பின்னணி அறிக்கை எங்கே என்று? அவன் போனால் உழைப்பாளி, நாட்டின் வீரன். பிள்ளை இல்லையென்று கேள்வி வரும்போது மட்டும் அது இங்கே தனியாக இருந்தவளிடம் வரும். மாமி அவளிடம்தான் கேட்டா, மகனிடம் கேட்கவில்லை. கொரியாவிலும் இதுதான். வேலை நேரத்தைக் குறைக்கத் தெரியாத நாடு, பெண்ணுக்குக் காசோலை நீட்டிப் பெறு என்கிறது.

உங்கள் கடிதத்திலும் இதுதான் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கொரியாவின் எண்ணைத் தசமம் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து ஆசனம் தெரிகிறது. உங்கள் மனைவி என்ன வேலை செய்கிறா, அவவுக்கு எத்தனை வயது, நீங்கள் கொரியா போவது பற்றி என்ன சொன்னா, ஒரு வரி இல்லை. பிள்ளை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாமென்று இருக்கிறீர்களா, வேண்டியும் வரவில்லையா? எனக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கிறீர்களா? பஞ்சிகாவத்தைச் சம்பளத்தில் கொழும்பில் ஒரு பிள்ளையை வளர்ப்பது எப்படி என்ற பயத்தில்தான் கொரியாவுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மக்கள்தொகை அறிவியலுக்குள் புகுந்திருக்கிறீர்கள். அதில் பிழையில்லை, நானும் என் கவலைகளை அப்படித்தான் கட்டுரையாக்குகிறேன்.

போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கடனை நான் கட்டப் போவதில்லை. முப்பத்தொன்பது வயது வரைக்கும்தான் எடுப்பார்கள், உங்களுக்கு ஐந்து வருடம் இருக்கிறது, அவசரம் புரிகிறது. போவதென்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ஈ-9இல் நான்கு வருடம் வேலை செய்தவர்கள் ஈ-7-4 என்ற திறன் விசாவுக்கு மாற விண்ணப்பிக்கலாம். சம்பளம், மொழி, வேலைத்திறன் என்று புள்ளி போட்டுக் கொடுக்கிறார்கள். 2023இல் அதற்கான எண்ணிக்கையை 35,000 ஆகக் கூட்டினார்கள், பிள்ளை இல்லாத பயம்தான். அந்த விசா கிடைத்தால் மனைவியைக் கூப்பிடலாம். மேல்வீட்டுப் பையனுக்கு இது தெரியாது, தெரிந்தபோது மொழிப் புள்ளி போதவில்லை. அதனால் பரீட்சை பாஸாகிற அளவுக்கு மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடாதீர்கள். மனைவியையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். வகுப்புக் கட்டணம் இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகாவிட்டால் நீங்கள் வகுப்புக்குப் போய் வந்து இரவில் அவவுக்குச் சொல்லிக் கொடுங்கள், நினைவிலும் நிற்கும்.

முதலில், போகிறதா இல்லையா என்பதை அவவிடம் கேளுங்கள். பரீட்சைத் திகதி வருவதற்கு முன்னால்.

அன்புடன்,
அக்கா